ஆற்றுக் கல்லில் கைக்கோடரி செய்வது எப்படி

கருங்கல் ஜல்லியில் நாலு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆதிமனிதனுக்கு இருந்த பலம் நமக்கு ஏது" என்று முடிவுகட்டுகிறவர்கள் அதிகம். பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதலில் கல் தப்பு. அடுத்தது, அடிக்கும் கோணம் தப்பு. இவை இரண்டும் சரியாக அமைந்தால் புதிதாகக் கற்பவரும் முதல் நாளிலேயே கயிறு அறுக்கும் கூர்மையில் ஒரு கற்சில்லைப் பெயர்த்துவிடலாம். இரண்டு முகமும் செதுக்கிய, பேரிக்காய் வடிவக் கைக்கோடரிக்குப் பல வாரப் பழக்கம் வேண்டும்.

பழைய கற்காலத்தைப் பாடமாகப் படிக்கிறவர்களும் பள்ளியில் நடத்துகிறவர்களும் ஒருமுறையாவது இதைச் செய்து பார்ப்பது நல்லது. எழும்பூர் அருங்காட்சியகத்திலோ பூண்டியிலுள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்திலோ கண்ணாடிக்குள் இருக்கும் கைக்கோடரியைப் பார்த்தால் வடிவம் மட்டுமே தெரியும். அதைச் செய்தவர் எந்த இடத்தில் யோசித்தார், எந்த அடி பிசகியது, எங்கே சலித்து விட்டுவிட்டார் என்பதெல்லாம் கையில் கல் பிடித்துப் பழகியவருக்குத்தான் கண்ணில் படும்.

கல்

கருங்கல் உதவாது. அதில் பல தாதுக்களின் பெரிய மணிகள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும்; அடியின் அதிர்வு மணிக்கு மணி திசை மாறிச் சிதறிவிடும். நமக்கு வேண்டியது எந்தத் திசையில் அடித்தாலும் ஒரே மாதிரி உடையும் மென்மணிக் கல், அதாவது மணிகள் மிக நுண்ணியதாக இருக்கும் கல். சிக்கிமுக்கிக் கல், செர்ட், ஜாஸ்பர், எரிமலைக் கண்ணாடியான அப்சிடியன், மென்மணி பசால்ட், மென்மணி குவார்ட்சைட் ஆகியவை அந்த வகை. திருவள்ளூர்ப் பக்கம் கொசஸ்தலையாற்றுப் படுகையைச் சுற்றிக் கிடைப்பது குவார்ட்சைட். அங்கே தொல்லியல் இடமான அத்திரம்பாக்கத்தில் கிடைத்த பழைய கற்காலக் கருவிகள் பெரும்பாலும் அதில் செய்தவைதான். மணி சற்றுப் பெரியது என்பதால் அது கொஞ்சம் முரண்டுபிடிக்கும். ஆனாலும் வழிக்கு வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தொல்லியல் இடங்களில் கல் பொறுக்கக் கூடாது. அத்திரம்பாக்கம், குடியம் போன்ற இடங்களில் தரையில் கிடக்கும் "சும்மா கல்" பெரும்பாலும் யாரோ உடைத்த சில்லாகவே இருக்கும். அதை எடுப்பதும், அங்கேயே உட்கார்ந்து புதிதாக உடைத்துப் போடுவதும் ஆய்வைக் கெடுக்கும். பாதுகாக்கப்பட்ட இடமென்றால் சட்டப்படி குற்றமும்கூட. கட்டட வேலைக்குச் சரளை விற்பவரிடமே கூழாங்கல் கிடைக்கும்.

கல் 15 முதல் 20 செ.மீ. நீளம், 5 முதல் 7 செ.மீ. தடிமன், ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடை இருந்தால் வசதி. உருண்டைக் கல்லை ஒதுக்கிவிடுங்கள். பணியாரம் மாதிரி தட்டையாக, விளிம்பு மெலிந்திருப்பதைத் தேடுங்கள். ஏன் என்பது கோணத்தைப் பற்றிப் பேசும்போது புரியும். பிறகு கல்லைத் தளர்வாக விரல் நுனிகளில் பிடித்து இன்னொரு கல்லால் லேசாகத் தட்டுங்கள். கணீரென்றால் எடுத்துக்கொள்ளலாம். மொத்தென்றால் உள்ளே விரிசல் ஓடியிருக்கிறது. அந்தக் கல்லோடு அரைமணி நேரம் போராடினாலும் அது தன் இஷ்டத்துக்குத்தான் பிளக்கும்.

கல் கிடைக்காதவர்களுக்கு உடைந்த வாஷ்பேசின், கம்மோடு போன்ற பீங்கான் துண்டுகளே நல்ல பள்ளிக்கூடம். ஒன்றரை, இரண்டு செ.மீ. தடிமனுள்ள இடமாகப் பார்த்து, நன்றாகக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். இதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் தந்திக் கம்பத்துப் பீங்கானையும் பாட்டில் கண்ணாடியையும் அருமையான ஈட்டிமுனைகளாக ஆக்கியிருக்கிறார்கள்.

அடிக்கும் கருவிகள்

மூன்று போதும். 500 முதல் 700 கிராம் எடையுள்ள, முட்டை வடிவ ஆற்றுக்கல் ஒன்று. இது முதற்கட்டச் சில்லுகளுக்கு. 200 முதல் 300 கிராமில் சின்னது ஒன்று. இது ஓரம் திருத்த. மூன்றாவதாக, மெல்லிய சில்லு எடுக்க ஒரு மரக்கட்டை. வைரம் பாய்ந்த கருவேலம் அல்லது புளி, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம், கைக்கு அடங்கும் பருமன். வெளிநாட்டுச் செய்முறைகளில் மான் கொம்பு என்று வரும். இங்கே அதை வைத்திருந்தால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்ள நேரும். கட்டையே போதும். அது சீக்கிரம் சிராய்த்துத் தேயும், அவ்வளவுதான்.

இவற்றோடு ஒரு சொரசொரப்பான மணற்கல் துண்டும் ஒரு சாக்பீஸும் வேண்டும். சாக்பீஸை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கண், கை, நுரையீரல்

பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ஓர் அடிகூட வேண்டாம். கல்லைப் பிடிக்கும் கைக்குத் தோல் கையுறை. தொடைமேல் தடித்த தோலோ, நாலாக மடித்த லாரி டியூபோ போட்டுக்கொள்ளுங்கள். முழுக்கால் சட்டையும் மூடிய செருப்பும் கட்டாயம். சில்லின் விளிம்பு சவர பிளேடை விட மோசம். வெட்டியது தெரியாது, ரத்தம் வந்த பிறகுதான் தெரியும்.

தூசியைப் பலரும் லேசாக நினைக்கிறார்கள். கல்லுடைப்பவர்களுக்கு வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் இந்தத் தூசியால்தான் வருகிறது. வீட்டுக்குள்ளும் மாடி அறையிலும் செய்யாதீர்கள். திறந்த வெளியில், காற்று பக்கவாட்டில் வீசும்படி உட்கார்ந்து, என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். அந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். கீழே தார்ப்பாய் விரிப்பது கடைசியில் பெருக்கி எடுக்க உதவும். கூட்டமாகச் செய்தால் ஆளுக்கு ஆள் 2 மீட்டர் இடைவெளி விட்டு, ஒருவர் சில்லு இன்னொருவர் முகத்துக்குப் பறக்காத விதமாக உட்கார வேண்டும்.

கோணம்

வேலையின் உயிர்நாடி இதுதான். இதை அவசரப்பட்டுத் தாண்டியவர்கள் எல்லோரும் திரும்ப இங்கேதான் வந்து நிற்கிறார்கள்.

தடித்த கண்ணாடியில் சிறு குண்டு பட்டால், பட்ட பக்கம் சின்னத் துளையும் மறுபக்கம் அகன்ற கூம்புப் பள்ளமும் விழும். மென்மணிக் கல்லிலும் அடியின் விசை அப்படியே கூம்பாக விரிந்து உள்ளே இறங்குகிறது. நட்ட நடுவில் அடித்தால் அந்தக் கூம்பு கல்லுக்குள்ளேயே அடங்கிவிடும். வெளியே ஒன்றும் நடக்காது, உள்ளே ஒரு விரிசல் மட்டும் மிஞ்சும். விளிம்புக்குப் பக்கத்தில் அடித்தால் கூம்பின் ஒரு பகுதி கல்லின் பக்கவாட்டு முகத்தை உரசிக்கொண்டு ஓடி, ஒரு சில்லாகப் பெயர்ந்து வரும்.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அடி விழும் மேடைக்கும் சில்லு பெயர வேண்டிய முகத்துக்கும் இடையிலுள்ள கோணம் 90 பாகைக்குள் இருக்க வேண்டும். 60 முதல் 80 வரை என்றால் சுகம். 90-ஐத் தாண்டினால் சுத்தியலைக் கொண்டு அடித்தாலும் சில்லு வராது. உருண்டைக் கல்லை ஒதுக்கச் சொன்னது இதற்காகத்தான். அதில் எங்கே தொட்டாலும் விரிகோணம்.

அடி எங்கே விழ வேண்டும்? விளிம்பிலிருந்து 5 முதல் 10 மி.மீ. உள்ளே தள்ளி. விளிம்பின் மேலேயே அடித்தால் ஓரம் பொடிந்துபோகும். ரொம்ப உள்ளே போனால் தடித்த கட்டியாக வரும், அல்லது வரவே வராது.

கீழ்முகத்தையும், அதாவது சில்லு பெயர வேண்டிய முகத்தையும், பாருங்கள். சில்லு மேடு பார்த்து ஓடும். அடிக்கும் புள்ளிக்கு நேர் கீழே ஒரு முகடோ புடைப்போ இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நீளமாகப் போகும். அங்கே தட்டையாகவோ குழிவாகவோ இருந்தால் பாதி வழியில் நின்றுவிடும்.

முதல் சில்லு

தாழ்வான முக்காலியில் உட்காருங்கள். வலக்கைக்காரர் என்றால் மூலக்கல், அதாவது சில்லு பெயர்க்கப்போகும் கல், இடத்தொடையின் வெளிப்பக்கம், தோல்மேல். மேடை மேலே, சில்லு பெயர வேண்டிய முகம் கீழே. இடக்கை விரல்கள் அந்தக் கீழ்முகத்தை அணைத்துப் பிடிக்க வேண்டும். சில்லு பெயர்வதை உள்ளங்கைதான் முதலில் உணரும்.

சாக்பீஸால் அடிக்கப்போகும் புள்ளியைக் குறியுங்கள். கல்லைத் திருப்பி, சில்லு எதுவரை வரும் என்று நினைக்கிறீர்களோ அங்கே ஒரு கோடு போடுங்கள். முழங்கையிலிருந்து வீசி, மணிக்கட்டை முடிவில் மட்டும் விட்டு அடியுங்கள். கூம்பு சரிந்து விரிவதால், அடி செங்குத்தாக விழாமல் கீழ்முகத்தை நோக்கிக் கொஞ்சம் சாய்ந்து விழ வேண்டும். தயங்கித் தயங்கி நாலு அடி அடிப்பதை விட ஓர் அடி உறுதியாக அடிப்பது மேல். அரைகுறை அடி ஒவ்வொன்றும் உள்ளே ஒரு விரிசலை விட்டுச் செல்கிறது. ஐந்தாவது நல்ல அடி அந்த விரிசலில் மாட்டிக்கொள்ளும்.

நல்ல சில்லு "டிக்" என்று சுருக்கமாகப் பெயரும். எடுத்துப் பாருங்கள். மேலே ஒரு துளி மேடை, அதற்கு நேர் கீழே உட்பக்கத்தில் மெல்லிய புடைப்பு, அங்கிருந்து விரியும் அலைவரிகள். மூலக்கல்லில் அந்தப் புடைப்புக்கு ஏற்ற குழி. மழையும் வெயிலும் தானாக உடைத்த கல்லையும் கை உடைத்த கல்லையும் பிரித்தறிய ஆய்வாளர்கள் முதலில் தேடுவது இந்த அடையாளங்களைத்தான். அந்தச் சில்லால் ஒரு கயிற்றையோ தோல் வாரையோ அறுத்துப் பாருங்கள். இறைச்சி அறுக்க அன்றைக்கு இதுவே போதுமானதாக இருந்தது. எத்தியோப்பியாவின் கோனாவில் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன் செய்தது இதைத்தான். கென்யாவின் லொமெக்வியில் 33 லட்சம் ஆண்டுக்கு முந்தைய, இன்னும் முரட்டுத்தனமான உடைப்புகள் கிடைத்திருக்கின்றன.

கையில் இருப்பது சில்லு என்பதும், அது அறுக்கும் என்பதும் வேறு வேறு விஷயங்கள். பிரேசிலில் கபுச்சின் குரங்குகள் கல்லோடு கல்லை மோதும்போது இதே மாதிரியான சில்லுகள் விழுகின்றன. அவற்றைக் குரங்குகள் எடுத்து அறுக்கப் பயன்படுத்தியதாகக் காணவில்லை. கான்சி என்ற போனபோ குரங்குக்கு அமெரிக்க ஆய்வாளர்கள் 1990-களில் கல் உடைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். சில்லு அறுக்கும் என்பது அதற்கு நன்றாகவே புரிந்தது, கயிற்றை அறுத்துப் பெட்டியைத் திறந்தது. கோணம் பார்த்து அடிப்பதற்குப் பதிலாக, கல்லைத் தரையில் ஓங்கிப் போட்டு உடைப்பது அதற்குப் பிடித்துப்போனது. புதிதாகக் கற்கும் நம்மவர்களும் சலித்துப்போனால் அதையேதான் செய்கிறார்கள்.

கைக்கோடரிக்கு வருவோம்

சில்லு எடுப்பதில் சில்லுதான் குறி. கைக்கோடரியில் மிஞ்சும் கல்தான் குறி. ஒவ்வொரு சில்லும் அடுத்த சில்லுக்கு இடம் செய்து கொடுக்க வேண்டும். கென்யாவில் துர்கானா ஏரியின் மேற்குப் பக்கத்தில் 17 லட்சத்து 60 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பும், அத்திரம்பாக்கத்தில் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பும் இந்த வேலை நடந்திருக்கிறது.

அடிப்படை முறை மாறிமாறி அடிப்பது. மெலிந்த விளிம்பில் ஒரு சில்லு எடுங்கள். கல்லைத் திருப்புங்கள். இப்போது எடுத்த வடுவே மேடை. அதன்மேல் அடித்து மறுமுகத்தில் ஒரு சில்லு எடுங்கள். மறுபடி திருப்புங்கள். இப்படியே விளிம்பைச் சுற்றி வந்தால் முதல் சுற்றின் முடிவில் பாம்பு நெளிவது மாதிரி ஒரு விளிம்பு கிடைக்கும். அசிங்கமாக இருக்கும், கவலை வேண்டாம். அடிப்பாகத்தில், உள்ளங்கை பிடிக்கும் இடத்தில், கல்லின் பழைய தோலை விட்டுவைக்கலாம். பழைய கைக்கோடரிகள் பலவற்றில் அப்படித்தான் இருக்கிறது.

இரண்டாம் சுற்றில் வடிவம் வர வேண்டும். கல்லைக் கண்ணுக்கு நேரே பக்கவாட்டில் பிடித்து விளிம்புக் கோட்டைப் பாருங்கள். அது தடிமனின் நடுவில் ஓட வேண்டும். ஒருபக்கம் ஏறியிருந்தால், ஏறியிருக்கும் முகத்தைக் கீழே வைத்துச் சின்னக் கல்லால் தட்டி விளிம்பை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். விளிம்பு நடுக்கோட்டுக்கு வராமல் மெலிய வைக்க முயல்வதுதான் தடித்த, கட்டை குட்டையான கைக்கோடரிகளுக்குக் காரணம்.

மூன்றாம் கட்டம் மெலிவித்தல். இப்போது மரக்கட்டை. ஒவ்வோர் அடிக்கும் முன் மணற்கல்லால் விளிம்பை அழுத்தித் தேய்த்து மழுக்குங்கள். கூராக்க வேண்டிய விளிம்பை மழுக்குவது முரணாகத் தோன்றும். மெல்லிய விளிம்பு அடியைத் தாங்காமல் நொறுங்கிவிடும், விசை உள்ளே போகாது; மழுங்கிய விளிம்பு தாங்கும், சில்லு நீளமாக நடுவரை ஓடும். கற்கிறவர்கள் அதிகம் தவறவிடும் படி இதுதான். பத்து விநாடி தேய்ப்பில் மிச்சம்பிடிக்கப் பார்த்து மொத்தக் கல்லையும் இழப்பார்கள்.

நுனியைக் கடைசியில் செய்யுங்கள். சீக்கிரம் மெலிந்த நுனி, வேறெங்கோ விழும் அடியின் அதிர்விலேயே முறிந்துவிடும். மெலிந்த கல் நட்டநடுவில் இரண்டாக முறிவதும் இந்த அதிர்வால்தான். கல் முழுவதும் தொடையில் படிந்திருக்கும்படி பிடித்தால் பெருமளவு தப்பிக்கலாம்.

எல்லாம் முடியும்போது தொடங்கிய எடையில் பாதிக்கு மேல் தரையில் கிடக்கும். இரண்டு கிலோவிலிருந்து 600, 700 கிராம் கைக்கோடரி வந்தால் நல்ல வேலை. கைதேர்ந்தவருக்கு அரைமணி நேரத்துக்குள் முடியும்.

பிசகும் இடங்கள்

சில்லின் முனை கூராக முடியாமல் உருண்டு மடிந்து நின்றால், அடி வெளிநோக்கிச் சாய்ந்துவிட்டது, அல்லது வேகம் போதவில்லை. முனை படிக்கட்டு மாதிரி சட்டென்று ஒடிந்து நின்றால், கீழே குழிவோ உள்விரிசலோ இருந்தது. இந்த இரண்டு படிகளும் மூலக்கல்லில் அப்படியே நிற்கும். அதே இடத்தில் மறுபடி அடித்தால் அடுத்த சில்லும் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். படி உயர்ந்துகொண்டே போகும். எதிர் விளிம்பிலிருந்து ஒரு நீளச் சில்லு எடுத்து அந்தப் படியை அடியோடு வாரிக்கொண்டு போவதுதான் வழி. அருங்காட்சியகக் கைக்கோடரிகளில் நடுவில் ஒரு கட்டி மட்டும் துருத்திக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். செய்தவர் நாலைந்து முறை அதோடு மல்லுக்கட்டியிருப்பார். சுற்றியுள்ள வடுக்கள் எல்லாம் அங்கே வந்து முட்டி நிற்கும்.

விளிம்பு முழுக்கப் பொடிப்பொடியாகச் சிதைந்திருந்தால் கோணம் 90-ஐத் தொட்டுவிட்டது. பலத்தைக் கூட்டாதீர்கள். கல்லைத் திருப்பி, மறுபக்கம் ஒரு சில்லு எடுத்துக் கோணத்தைப் புதுப்பியுங்கள்.

இரண்டு பேராகக் கற்பது

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2015-இல் வெளியிட்ட ஒரு சோதனையில் 184 பேருக்குச் சில்லு எடுக்கும் வேலையை ஐந்து விதமாகக் கொடுத்தார்கள். சிலருக்கு முடிந்த சில்லை மட்டும் காட்டினார்கள், சிலர் இன்னொருவர் செய்வதைப் பார்த்தார்கள், சிலருக்குக் கைப்பிடித்துத் திருத்தினார்கள், சிலருக்குச் சைகை, மற்றவர்களுக்குப் பேச்சு. வெறுமனே பார்த்தவர்கள், தானாக முயன்றவர்களை விடப் பெரிதாகத் தேறவில்லை. சொல்லிக்கொடுக்கப்பட்டவர்கள் நன்றாகத் தேறினார்கள். கல் உடைத்துப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமே இல்லை. பார்க்கிறவன் கண் வீசும் கையிலேயே இருக்கும். காரியம் நடப்பதோ கல்லுக்கு அடியில், அவன் பார்க்க முடியாத முகத்தில். கோணத்தை ஒருவர் தொட்டுக் காட்டியே ஆக வேண்டும். பேச்சும் கற்பித்தலும் கைவேலையும் சேர்ந்தே வளர்ந்திருக்கும் என்று வாதிடுகிறவர்கள் கையில் இருக்கும் வலுவான சாட்சிகளில் இதுவும் ஒன்று. ஆனால் இன்றைய மாணவர்களை வைத்துச் செய்த சோதனையிலிருந்து 26 லட்சம் ஆண்டுக்கு முன் பேச்சு இருந்தது என்று தாவிவிட முடியாது. சைகையே நெடுங்காலம் போதுமானதாக இருந்திருக்கலாம்.

ஆகவே ஒருவர் அடிக்க, ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பக்கத்தில் இருப்பவர் வேலை பாராட்டுவதல்ல. அடிக்கும் முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: எங்கே அடிக்கப்போகிறாய், கீழே முகடு இருக்கிறதா, சில்லு எதுவரை வரும்? பதில் சாக்பீஸில் குறிக்கப்பட வேண்டும். அடித்த பிறகு கோட்டையும் வடுவையும் ஒப்பிடுங்கள். கணிப்பும் வடுவும் ஒத்துவரத் தொடங்கும் வரை கைக்கோடரிக்குப் போக வேண்டாம், சில்லு மட்டும் எடுங்கள். கல்லைக் கையிலிருந்து பிடுங்கி "இப்படி" என்று தானே அடித்துக் காட்டும் ஆசிரியரிடம் மாணவன் கற்றுக்கொள்வது கொஞ்சம்தான்.

சில்லுகளை எண்ணிட்டு, எடுத்த வரிசையில் தார்ப்பாயிலேயே அடுக்கி வைத்தால் கடைசியில் அவற்றைத் திரும்ப மூலக்கல்லோடு பொருத்திப் பார்க்கலாம். தொல்லியலில் இப்படிப் பொருத்துவது ஒரு தனி ஆய்வுமுறை. எந்தச் சில்லு இங்கே உடைந்தது, எது வெளியிலிருந்து வந்தது என்று அதில் தெரியும். அத்திரம்பாக்கத்தில் பெரிய சில்லுகளை வேறிடத்தில் பெயர்த்து, இங்கே கொண்டுவந்து செதுக்கியிருக்கிறார்கள். எங்கே கல் எடுப்பது, எவ்வளவு தூரம் சுமப்பது, எங்கே முடிப்பது என்பதெல்லாம் முன்கூட்டியே மனத்தில் இருந்திருக்கிறது.

கழிவும் குறியும்

வேலை முடிந்ததும் தார்ப்பாயை நான்கு மூலையும் சேர்த்துத் தூக்கி, பொடியை ஈரப்படுத்தியே அள்ளுங்கள். உலர்ந்த பொடியைப் பெருக்கினால் தூசி எழும்பும். அந்தச் சில்லுகளை வயலிலோ ஆற்றோரத்திலோ கொட்டக் கூடாது. நாளைக்கு அங்கே ஆய்வுக்கு வருபவருக்கு உங்கள் சில்லும் பழைய சில்லும் ஒன்றாகத் தெரியும். குழி தோண்டிப் புதைக்க வேண்டியிருந்தால், இந்த ஆண்டு அச்சிட்ட ஒரு ரூபாய் நாணயத்தையும் ஒரு பிளாஸ்டிக் மூடியையும் கூடவே போட்டுப் புதையுங்கள். செய்த கைக்கோடரியிலும் அழியாத மையால், அடிப்பாகத்துப் பழைய தோலில், தேதியும் கல் வந்த இடமும் எழுதிவையுங்கள்.